குளியலறைப் பக்கத்துச் சுவர்

சின்னவளுக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: தொங்கல். வைத்தவள் நாத்தனார். காரணம், சின்னவளின் படுக்கையறைச் சுவர்.

முந்தின வருஷம் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் ஆசை ஆசையாய் வால்பேப்பர் வாங்கி, அவளே ஒட்டினாள். கொஞ்ச நாள் ஜம்மென்று நின்றது. பிறகு ஓரம் சுருண்டது, நடுவில் தொப்பை போட்டது. மாமியாரும் நாத்தனாரும் வந்திருந்த ஒரு நாள், மொத்தக் குடும்பத்தின் கண்முன்னால் ஒரு பட்டை மேலிருந்து சரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் பெரியவள். சின்னவளுக்கு ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி.

“பசை தடவத் தெரியாம ஒட்டினா தொங்காம என்ன செய்யும்? எல்லாத்துக்கும் ஒரு கை வேணும்மா.”

அன்றிலிருந்து குழம்பில் உப்பு குறைந்தாலும் தொங்கல், சாவி தொலைந்தாலும் தொங்கல். கணவனே ஒரு முறை வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டை நடுவில் தடுத்து ஆளுக்குப் பாதியாய் இருந்தார்கள். தடுப்பை ஒட்டி பெரியவளின் குளியலறை. அதன் ஒரு சுவருக்கு அப்பால் சின்னவளின் கட்டில். இன்னொரு சுவருக்கு அப்பால் பெரியவளின் கூடம். கதைக்கு இந்த அமைப்பு முக்கியம்.

சில மாதம் கழித்து, பெரியவளின் வீடு பூட்டியிருக்கிறதே என்று பிளம்பர் சின்னவளின் கதவைத் தட்டினார்.

“அக்கா வந்தா சொல்லுங்க. கிச்சன் குழாய்க்கு வாஷர் வாங்கியாச்சு. அப்படியே அந்த பாத்ரூம் சுவத்துக் குழாயையும் மாத்திடச் சொல்லுங்க.”

“எந்தக் குழாய்?”

“சுவத்துக்குள்ள போகுதே, அது. கசியுது, ரெண்டு பக்கமும் ஈரம் ஏறும்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். புது டைல்ஸ், உடைக்க விடமாட்டேன்னுட்டாங்க. நீங்ககூட அப்போதான் பேப்பர் சுருள் வாங்கி வாசல்ல இறக்கிட்டு இருந்தீங்க.”

சின்னவள் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். தெரிந்திருக்கிறது. ஒட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒட்டவிட்டு, தொங்கவிட்டு, சிரித்தும் இருக்கிறாள்.

போய்ச் சண்டை போடலாம். போட்டால், “பிளம்பர் உளறுறான்” என்று பெரியவள் ஒரே போடாய்ப் போட்டுவிடுவாள், குடும்பமும் தலையாட்டும். அதனால் சின்னவள் கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. ‘ஈரம் இருந்தது எனக்குத் தெரியும்’ என்ற வார்த்தை பெரியவளின் வாயிலிருந்தே வர வேண்டும், சிரித்த அத்தனை பேரின் முன்னாலும் வர வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

காத்திருந்த நாட்களில் அவள் வேலையைக் கற்றுக்கொண்டாள். சாமான் அறைச் சுவரில் ஒட்டுவாள், பிய்ப்பாள், மறுபடி ஒட்டுவாள். தாளில் பசை பட்டதும் அது தண்ணீர் குடித்து அகலமாய் விரியும். விரிந்து முடிப்பதற்குள் சுவரில் ஏற்றினால் அங்கே போய் விரிந்து கொப்புளம் கொப்புளமாய் எழும்பும். அதற்காகத்தான் பசைப் பக்கம் உள்ளே போக மடித்து, சற்று ஊறப்போட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் பிடிபட்ட அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் பசிகூட எடுக்கவில்லை. சாமான் அறை அரண்மனை மாதிரி ஆனது. பெரியவள் அதை எட்டிப் பார்த்த அன்றே வலை விரித்தாயிற்று.

பெரியவளின் கணவர், மூத்தவருக்கு வேலையில் பெரிய பதவி கிடைத்தது. கொண்டாட, சொந்தம் எல்லாம் வந்து சில நாள் தங்கப்போகிறது.

“ஏம்மா, நம்ம ஹாலுக்கும் அதே மாதிரி ஒட்டிக் குடுத்துடேன்,” என்றாள் பெரியவள். “கப்போர்டு இருக்கே, அந்த ஒரு சுவத்துக்கு மட்டும் போதும்.”

அது குளியலறைப் பக்கத்துச் சுவர். கறை தெரியாமலிருக்கத்தான் முன்னால் கப்போர்டே நிற்கிறது.

“ஒட்டினா நாலு சுவத்துக்கும் ஒட்டணும்க்கா. ஒண்ணை மட்டும் ஒட்டினா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும்.”

பெரியவளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஏன் நாலு சுவர் என்று சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கடையில் பெரியவளின் கை நேராய்த் தங்கக் கொடி போட்ட கனத்த வினைல் சுருளுக்குப் போயிற்று.

“இது அழுக்குப் படாது, ஈரத் துணியால துடைக்கலாம்,” என்றார் கடைக்காரர். “ஆனா சுவர் நல்லா காஞ்சிருக்கணும்மா.”

சின்னவள் ஒன்றும் ஒளிக்கவில்லை. “ஆமாக்கா. சாதாரணத் தாள்னா சுவரு கொஞ்சம் மூச்சு விடும். வினைலு சுவத்துக்கு மழைக்கோட்டு போட்ட மாதிரி. உள்ள ஈரம் இருந்தா வெளிய வர வழி இல்லாம அங்கேயே கிடந்து பூஞ்சை பிடிக்கும். நம்ம சுவத்துல ஈரம் கீரம் இருக்கா?”

பெரியவள் ஒரு நொடி சுருளைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“எங்க வீட்டுச் சுவத்துலயா? எலும்பாட்டம் காஞ்ச சுவரு!”

எல்லாச் சுருளும் ஒரே தொகுதி எண்ணா என்று சின்னவள் பார்த்துப் பார்த்து எடுத்தாள். வேறு தொகுதி என்றால் நிறம் ஒரு மயிரிழை மாறும். இந்த வேலையில் குறை என்று ஒருவரும் விரல் நீட்டக் கூடாது.

ஒட்டும் நாளன்று கப்போர்டை நகர்த்தினார்கள். பின்னால் புதுப் பெயின்ட் வாசனை. நேற்றுதான் அடித்திருப்பாள்.

“ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, நாளைக்குப் பார்ப்போம்க்கா. உள்பக்கம் வேர்த்திருந்தா சுவத்துல ஈரம்னு அர்த்தம். அப்படி இருந்தா நிறுத்திக்கலாம், நஷ்டம் ஒண்ணுமில்ல.”

“உனக்கு ஒரு தடவை தொங்கிடுச்சுன்னு பார்க்கிற சுவரெல்லாம் ஈரமா தெரியுது. ஆரம்பிம்மா.”

ஆரம்பித்தாள். தூக்குக் குண்டு விட்டு நேர்கோடு போட்டாள். எந்த வீட்டு மூலையும் நேராய் இருக்காது, மூலையை நம்பி முதல் பட்டையை ஒட்டினால் அறை முழுக்கக் கொடி சாய்ந்துகொண்டே போகும். வினைலுக்கு உரிய கெட்டிப் பசையைத் தடவினாள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷ்ஷால் நீவிக் காற்றை வெளியேற்றினாள். இலையோடு இலை பொருந்தியது, இணைப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஈரச் சுவர் என்பதற்காக அங்கே ஒரு பிடி குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

கடைசிப் பட்டைக்கு அவள் ஏணியில் நிற்க, பெரியவள் கீழே பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குரலை இறக்கிச் சொன்னாள்: “போன வருஷம் உன்னை ரொம்பத்தான் கிண்டல் பண்ணிட்டோம், இல்ல?”

சின்னவளின் பிரஷ் நின்றது. இதோ, வந்துவிடும். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாள் இன்னும் ஈரம்தான், உரித்துவிடலாம். அவள் விரல் பட்டையின் ஓரத்தைத் தேடிப் போயிற்று.

“என்ன பண்றது,” என்றாள் பெரியவள். “உனக்கு அப்போ கை வரல.”

சின்னவள் விரலை எடுத்துக்கொண்டாள். பட்டையை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் நீவிவிட்டாள்.

இறங்கியதும் பராமரிப்பு பற்றிப் பெரியவள் கேட்க, சின்னவள் சொன்னாள்: “மெத்துனு ஸ்பாஞ்சால துடைங்க, தேய்க்காதீங்க. கப்போர்டை ஒட்டி வைக்காதீங்க, பின்னால காத்து போகணும்.” அத்தனையும் உண்மை. பெரியவள் கப்போர்டை வேறு அறைக்கே தள்ளிவிட்டாள். இவ்வளவு அழகை யாராவது மறைப்பார்களா?

சில வாரம் கழித்துச் சொந்தம் வந்து இறங்கியது. மாமியார் கொடிகளை விரலால் தொட்டுத் தொட்டு ரசித்தார். “என் செலக்ஷன் அத்தை,” என்றாள் பெரியவள். ஒட்டியது யார் என்று சொல்லவில்லை.

இத்தனை பேரும் குளிக்க வேண்டுமே. காலையிலிருந்து ராத்திரி வரை அந்தக் குழாய்க்கு ஓய்வில்லை. சுவர் குடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் சின்னவள் டீ எடுத்து வந்தபோது கொடியின் நடுவில் லேசாய் ஒரு தொப்பை பார்த்தாள். விருந்தன்று மத்தியானம், எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, சின்னவள் டீத் தட்டோடு வர, மேல் ஓரம் பட்டென்று விட்டது. கனத்த தாள் இல்லையா, தன் பாரத்திலேயே மெதுவாய்ச் சரிந்து, தங்கக் கொடியோடு மூத்தவரின் தோளில் வந்து சாய்ந்தது. பின்னால் சுவர் கன்னங்கரேலென்று பூஞ்சை பூத்துக் கிடந்தது.

“தொங்கல் கை பட்டதா இது?” நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பின்ன? இவளை நம்பிக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்,” என்றாள் பெரியவள். “பசை போடவே தெரியல!”

சின்னவள் டீத் தட்டைக் கீழே வைத்தாள். “ஆமா அத்தை, என் கைதான். மத்த மூணு சுவரும் என் கைதான். அதே பசை, அதே தாள். எங்கயாவது விட்டிருக்கான்னு பாருங்களேன்.”

மாமியார் எழுந்தார். அவர் சிரிப்பதிலும் கெட்டி, கணக்குப் பார்ப்பதிலும் கெட்டி. ஒவ்வொரு சுவராய் உள்ளங்கையால் தடவினார். நகத்தால் இணைப்பைக் கிளறிப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் கறுத்த சுவரில் கை வைத்து, நனைந்த விரல்களைப் பெரியவளின் முகத்துக்கு நேரே காட்டினார்.

“மூணு சுவத்துல நிக்குது. இதுக்குப் பின்னால என்ன இருக்கு?”

“பாத்ரூம்,” என்றார் மூத்தவர், தோளிலிருந்த தாளை இறக்கியபடி.

“அந்தப் பக்கம் இவ ரூம் சுவரும் அதே பாத்ரூம்தானே?” மாமியாரின் குரல் ஏறியது. “இந்த ஈரம் எத்தனை நாளா இருக்கு? வாயத் திறந்து சொல்லு.”

பெரியவள் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள். சின்னவளின் முகத்தில் பார்வை வந்து நின்றது. அங்கே எல்லாம் தெரிந்த ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

“தெரியும்,” என்றாள். “குழாய் கசியறது தெரியும். போன வருஷம் அவ ஒட்டறதுக்கு முன்னாடியே தெரியும். டைல்ஸை உடைக்கணுமேன்னு சொல்லல.”

நாத்தனார் தரையைப் பார்த்தாள். சின்னவளின் கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் அந்த வார்த்தைகளை மனசுக்குள் ஒரு முறை நீவிப் பார்த்தாள். கொப்புளம் இல்லை.

விருந்தினர் போன பிறகு பெரியவள் வந்து கேட்டாள். “குழாயை மாத்திடறோம். இந்தச் சுவத்தை எப்போ சரி பண்ணித் தருவே? எல்லாரும் வர்ற இடம்.”

“டைல்ஸை உடைக்கணும், பூச்சை உதிர்க்கணும், திரும்பப் பூசணும். அதுக்கப்புறம் உள்ளே வரைக்கும் காயணும்க்கா. அவசரப்பட்டா மறுபடி தொங்கும்.” சின்னவள் ஈரத் தாளைச் சுருட்டிக் கட்டினாள். “ஒரு வருஷம் இப்படியே கிடக்கட்டும்.”

ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு ஃபேனையும் சுவருக்கு நேரே ஓடவிட்டால் சில மாதங்களிலேயே காய்ந்துவிடும். ஃபேனைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.