வீட்டு முகவரிக்கு வந்த விளம்பரம்

ஏசி மெக்கானிக்கின் போனில் ஒரு வாரமாகக் காது கேட்கும் கருவி விளம்பரம் வந்துகொண்டிருந்தது. செய்தி படித்தால் ஓரத்தில் காதுக்கருவி, வீடியோ பார்த்தால் நடுவில் காதுக்கருவி. அவர் தேடியதெல்லாம் கம்ப்ரஸர் விலையும் செம்புக் குழாயின் அளவும்தான்.

"நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கறதில்லைன்னு போனுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றாள் மனைவி.

மறுநாள் அவள் போனிலும் வந்தது. சிரிப்பு நின்றது.

வாயுக் கசிவைத் தேடுவதற்கு மெக்கானிக்கிடம் ஒரு முறை உண்டு. குழாய் முழுவதையும் சந்தேகப்பட்டால் வேலை முடியாது. இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி விடுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கும் அதையே செய்தார். வெளியே வேலை பார்க்கும்போது, போனின் சொந்த டேட்டாவில் அந்த விளம்பரம் வரவில்லை. வீட்டுக்கு வந்து வைஃபை பிடித்ததும் வந்தது. மனைவிக்கும் அப்படியே. ஆக, குமிழி வீட்டு இணைப்பில். அதைப் பயன்படுத்துவது மூன்று பேர். இருவர் தேடவில்லை.

மூன்றாவது ஆள் ஒன்பதாவது படிக்கும் மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவள் போனில் அம்மா ஒரு கண்காணிப்புச் செயலி போட்டிருந்தாள். அது மகளுக்கும் தெரியும். எந்தெந்தப் பக்கங்களைத் திறந்தாள் என்று மாலைதோறும் அது அம்மாவுக்குச் சொல்லும். அன்று சொன்னது: கணக்குப் பாடம், நாய்க்குட்டி, பாட்டு, மறுபடியும் நாய்க்குட்டி.

"இதுல ஒண்ணும் இல்லையே" என்றார் மெக்கானிக்.

"ஒண்ணுமே இல்லை. அதான் இடிக்குது. இந்த வயசுல நானே இவ்வளவு நல்ல பொண்ணா இருந்ததில்லை."

"அது தெரிஞ்ச கதைதானே."

"வாயை மூடுங்க. அவ இன்காக்னிட்டோல தேடியிருக்கா."

"அப்படின்னா நம்ம போனுக்கு எப்படி வரும்?"

மனைவி கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை முகவரிவாரியாகப் பிரிப்பவள். "பேர் கிழிஞ்ச பார்சல்கூட எங்ககிட்ட வரும். கதவு நம்பர் இருந்தா போதும், போய்ச் சேர்ந்துடும்" என்றாள்.

விஷயம் அதுதான். இன்காக்னிட்டோவில் தேடினால் தேடிய சுவடைப் போன் வைத்துக்கொள்ளாது. ரசீதைக் கிழித்துப் போடுவது போல. இவர்கள் போட்ட செயலி, கிழிக்காத ரசீதுகளை மட்டும் படிக்கிற மலிவான ரகம். ஆனால் தேடிய இணையப் பக்கம் போனுக்கு வந்து சேர ஒரு முகவரி வேண்டுமே? அது வீட்டு இணைப்பின் முகவரி. மூன்று போனுக்கும் ஒரே முகவரி. ஆள் யாரென்று விளம்பரக்காரருக்குத் தெரியாது. இந்தக் கதவுக்குப் பின்னால் யாருக்கோ காது கேட்கவில்லை என்று மட்டும் ஊகித்து, கதவுக்குள் இருக்கும் எல்லோருக்கும் காட்டுகிறார்.

யாருக்கோ. இருவரும் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார்கள். வாலு கொஞ்ச நாளாக, இடது தோள் சுவரில் உரசும் ஓர நாற்காலியில்தான் உட்கார்கிறாள். போனை வலது காதில்தான் வைக்கிறாள். இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. அதற்கு இந்த வீட்டில் வைத்த பெயர் திமிர். "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி" என்று அம்மா அன்று காலையில்கூடத் திட்டியிருந்தாள்.

சாயங்காலம் வாலு சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தபோது, அப்பா இரண்டு போன்களையும் மேசையில் வைத்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் காது மிஷின் விளம்பரமா வருது. நாங்க தேடலை."

"நான் இன்காக்னிட்டோலதானே..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்திலும் அப்பாவால் விளக்காமல் இருக்க முடியவில்லை. ரசீது, பார்சல், கதவு நம்பர் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ நீங்க என் போனை நோண்டலையா?"

"நோண்டினோம். நாய்க்குட்டிதான் இருந்துச்சு" என்றாள் அம்மா. "எப்போலேர்ந்துடி கேக்கலை?"

"சளி பிடிச்சதுலேர்ந்து. இடது காதுல பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா சைக்கிளைப் பிடுங்கிடுவே. பின்னாடி வண்டி வந்தா கேக்காதும்பே. சும்மா தேடினாக்கூட உனக்கு ரிப்போர்ட் வந்துடும்."

அம்மா பிடுங்கத்தான் நினைத்திருந்தாள்.

"காது சரியாகற வரைக்கும் ஓட்டாதே" என்றாள் கடைசியில். "ஆனா சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

காது மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. செவிப்பறை முரசுத் தோல் மாதிரி. பின்னால் காற்று இருந்தால்தான் நன்றாக அதிரும், நீர் இருந்தால் மந்தமாகிவிடும். நீரை எடுத்துவிடலாம், கருவி வேண்டாம் என்றார். நாள் குறித்துக்கொண்டு திரும்பினார்கள்.

விளம்பரம் மட்டும் நிற்கவில்லை. கருவி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது விளம்பரக்காரருக்கு எப்படித் தெரியும்?

அம்மா செயலியை நீக்கினாள். "நாய்க்குட்டியை எண்ணறதுக்கு ஒரு மிஷினா?" என்றாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து தன் நாற்காலியை மாற்றிப் போட்டாள்.

இப்போது அந்த வீட்டில் நடைமுறை இதுதான்: வாலுவைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால், அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து அவளிடமே கேட்பது.