நிலாவில் விழுந்த பேர்கள்

நாளைக்குப் பிள்ளைக்குப் பேர் விட வேண்டும். இன்றைக்கென்று பார்த்து அந்த விண்கலம் நிலாவில் விழுந்து நொறுங்கிவிட்டது.

நிதானமாகச் சொல்லுகிறேன், கேளுங்கள் கண்ணுகளா. வெளிநாட்டுத் தனியார் கம்பெனி ஒன்று நிலாவுக்குக் கலம் அனுப்பியது. பேர் கொடுத்தால் அதையும் ஒரு சிப்பில் பதித்து ஏற்றிக்கொள்வோம் என்றார்கள். சங்கரன்கோவிலில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஷேக் ஃபரீத், தெருவில் கேட்டவர்கள் பேரையெல்லாம் அனுப்பிவைத்தான். அதே தெரு அனுவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். தன் பேரைக் கொடுக்கவில்லை அவள்; பெண் பிறந்தால் வைக்கப்போகும் பேரைக் கொடுத்தாள். இளம்பிறை. பெண்தான் பிறந்தது.

விழுந்த செய்தி வந்ததும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதே பேச்சு.

"தனியார் வண்டில்லா அண்ணாச்சி, நம்ம ராஜபாளையம் பஸ்ஸு மாதிரி மிதிச்சிருப்பான்."

"உள்ள ஆள் இல்லல்லா வே, அந்தமட்டும் நல்லது."

சிரித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். இசக்கிசெல்விக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் அனுவின் புருஷனுக்கு அக்காள். பிள்ளையின் காதில் மூன்று தரம் பேர் சொல்ல வேண்டிய அத்தை. சாயங்காலம் தறி வேலை விட்டதும் நேரே அனுவிடம் வந்தாள்.

"விழுந்து நொறுங்கின பேர எம் வாயால சொல்லமாட்டேன். வேற பேரு பாரு, ஏட்டி."

"வயித்துல இருக்கையிலயே அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன், மதினி. இப்பவும் அதக் கேட்டாத்தான் அழுகைய நிப்பாட்டுதா."

அனு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைக்குத் துணி மாற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் இசக்கிசெல்வி ஷேக் ஃபரீத் கடைக்குப் போனாள்.

"தம்பி, பிள்ள பேர மட்டும் அழிச்சிரு."

"எங்கன போய் அழிக்க, அக்கா? அது நிலாவுலல்லா கிடக்கு. உங்க பேரும் கூடத்தான் கிடக்கு."

"எம் பேரா?"

"மறந்துட்டீங்களா? வீட்ல சொல்லிராதலேன்னு சொல்லிப் பேரக் குடுத்தீங்களே."

இசக்கிசெல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து தறியில் ஒரு இழை அறவில்லை. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டிருந்தாள். முழங்கால் வலிகூட இல்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகலியே."

"எனக்கும் ஆகலக்கா. எம் பேரும் அங்கனதான்."

மறுநாள் பிள்ளையை மடியில் போட்டு, வெற்றிலையால் காதோரம் மறைத்துக்கொண்டு, மூன்று தரமும் இளம்பிறை என்றே சொன்னாள் அத்தை. சொல்லி முடித்தும் குனிந்த தலை நிமிரவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"இன்னும் என்ன சொல்லுதீங்க, மதினி?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நீதான் நிலாவுக்கு உம் பேரக் குடுக்கலியே."