பெரட்டில் நின்றவர்கள்

மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். என் ஆங்கிலத்தில் யாரும் குறை கண்டதில்லை. கண்டவர்களை நான் சும்மா விட்டதுமில்லை. அதனால், பெம்பான் பக்கம் நான் பிறந்த தோட்டத்திலிருந்து பெரியநாயகி அக்கா போன் செய்து, "புனிதா, கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதணும், வந்துட்டுப் போ லா" என்றபோது கொஞ்சம் கர்வத்தோடுதான் காரை எடுத்தேன்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த பதினான்கு குடும்பங்களும் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று கம்பெனி கடிதம் அனுப்பியிருந்தது. அதில் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் 'ஆக்குபண்ட்ஸ்'. மாற்று வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன்.

"ஆக்குபண்ட்ஸ்னா யாரு?" என்றார் அக்கா.

"ஒரு இடத்துல இருக்கறவங்க."

"ஓட்டல் ரூம்ல தங்கறவனையும் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"அப்ப வேணாம்."

ரெசிடெண்ட்ஸ் என்று போடலாமா என்றேன்.

"நீ இருக்கற புக்கிட் காத்தில் தாமான்ல சொந்தமா வீடு வாங்கினவங்களும் ரெசிடெண்ட்ஸ்தானே? அவங்களுக்குக் கம்பெனியா வீடு குடுத்துச்சு?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஆங்கிலத்தில் பெயரெழுதக்கூடத் தெரியாதவர் என் ஆங்கிலத்தைச் சல்லடை போடுகிறார். கையிருப்பில் இருந்ததிலேயே நல்ல வார்த்தையை எடுத்தேன். "கம்யூனிட்டின்னு எழுதறேன்க்கா. படிக்கறவனுக்கு ஒரு மரியாதை வரும்."

அக்கா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தார். அதில் பதினாறு வருடத்துக்கு முந்தைய கம்பெனிக் கடிதம் இருந்தது. விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், அன்றைய மேனேஜர் அதைப் படிக்க, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தமிழில் சொன்னாராம். தோட்டத்தை விற்கும் நாள் வந்தால் வேலை செய்தவர்களுக்கு வீடு உண்டு என்று எழுதியிருந்தது.

"இதுல எங்கள என்னன்னு போட்டிருக்கு?"

"ஒர்க்கர்ஸ்."

"அதையே எழுது."

"அக்கா, அது கொஞ்சம்…"

"என்ன, கேவலமா இருக்கா?"

இருந்தது. ஆபீசில் என் அப்பா நல்லமுத்துவைத் தோட்டத்துக் கிராணி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவர் முப்பத்தொரு வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர்.

"வீடு தர்றேன்னு சொன்னது வேலைக்காரங்களுக்கு. நாம அழகா வேற பேரு வச்சுக்கிட்டுப் போனா, நாங்க சொன்ன ஆளுங்க நீங்க இல்லன்னு சொல்லிருவான் லா" என்றார் அக்கா.

இத்தனை வருடம் சட்டக் காகிதங்களோடு குப்பை கொட்டிய எனக்கு அது உறைக்கவில்லை. அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிதாக, இந்த மனுஷியின் தெளிவுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. ஒர்க்கர்ஸ் என்றே தட்டினேன்.

அடுத்த வாரம் கம்பெனி ஆபீசில் பதினான்கு வீட்டாரும் கூடினார்கள், குறிப்பெடுக்க நானும் போனேன். கடிதங்களை வாங்கி வைத்திருந்த அதிகாரி காந்தன் நம்மவர்தான்.

"இப்ப யாரும் வேலை செய்யலயேம்மா. நீங்கதான் அந்த ஒர்க்கர்ஸ்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

"பெரட்டு போட்டுக் காட்டறேன்" என்று அக்கா எழுந்தார்.

கையில் காகிதம் இல்லை. தானும் தினம் களத்தில் நின்ற வரிசை மாறாமல் கூப்பிட ஆரம்பித்தார். "முத்தாயி." "இருக்கேன்." "கந்தசாமி." அவர் இறந்து நாலு வருடமாகிறது, மகள் திலகா எழுந்து, "அவரு மக இருக்கேன்" என்றாள். "நல்லமுத்து."

அக்கா சட்டென்று நிறுத்தினார். நாங்கள் லயத்தைவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. வரிசைப் பழக்கத்தில் பெயர் வாயில் வந்துவிட்டது. "அவர விடுங்க சார், அவரு வீடு இதுல இல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். குலை வெட்டியவர் மகள் என்று என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பார்த்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். "அவரு மக இருக்கேன். அப்பாவுக்குக் குலை வெட்டற வேலை."

அக்கா ஒரு முறை தலையசைத்துவிட்டு, "மீனம்மா" என்று தொடர்ந்தார்.

கடைசிப் பெயருக்கும் பதில் வந்தபின் பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்த காந்தன் பழைய கடிதத்தை மறுபடி படித்தார். காலி செய்யச் சொன்ன கடிதத்தில் 'ஆக்குபண்ட்ஸ்' என்பதை அடித்து, மேலே 'ஒர்க்கர்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினான்கு வீட்டுக்கும் எழுத்தில் உறுதி வரும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் வீடு கேக்கறீங்களா?"

"வேணாம் சார்," என்றேன். "அப்பா பேரு மட்டும் அந்த லிஸ்ட்ல இருக்கட்டும்."