இருபத்தேழு முத்திரைகள்

மாசி மாதத்துப் பாலாற்றில் தண்ணீர் ஓடாது. வெயில் ஏறினால் மணலே மெல்ல ஓடுவதுபோல் தோன்றும். அந்த மணலில் ஆட்டு ரோமத்தைப் பரப்பிவிட்டு உட்கார்ந்தால், எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அமிர்தவள்ளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகும்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்த சிறிய ஊர் அது. தோல் பதனிடும் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து வழித்தெடுத்த ரோமத்தைச் சேரிப் பெண்கள் வாங்கி வருவார்கள். ஆற்றில் ஊற்றுத் தோண்டி அலசி, மணலில் காயவைத்துக் கம்பளி வியாபாரிக்குக் கொடுப்பார்கள். காய்ந்த ரோமத்திலிருந்து மெல்லிய இழைகள் எழும்பி மிதக்கும். அப்போது அக்கரை தெரியாது. அந்த வெண்மைக்கு அப்பால் ஒரு கடலும், கடலுக்கு அப்பால் மூடுபனி இறங்கிய ஒரு நகரமும், அங்கே மாடிக்கு மாடி காயும் வெள்ளைச் சட்டைகளும் அவளுக்குத் தெரியும். சட்டைகளுக்கு நடுவே அவள் புருஷன் முனிரத்தினம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.

தோல் மூட்டைகளோடு சென்னைத் துறைமுகத்துக்குப் போனவன், கப்பலில் கரி அள்ளும் வேலை கிடைத்து ஏறிப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சீனருடைய சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறான். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். அமிர்தவள்ளி மிஷன் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். கடிதத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து, மனப்பாடம் ஆனபிறகும் படிப்பாள்.

அந்த வருஷம் யூனியன் ஆபீஸ் ஒரு விதி போட்டது. ஆற்றில் ரோமமோ தோலோ காயவைக்கிறவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும். குடிநீர் ஊற்றுப் பக்கம் நாற்றம் வரக்கூடாதாம். விதியில் யார் பெயரும் இல்லை, எந்தத் தெருவின் பெயரும் இல்லை. எல்லோரும் விண்ணப்பம் போட்டார்கள். சேரியிலிருந்து இருபத்தேழு பெண்கள் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து எல்லோருக்கும் ஆளுக்கொரு காகிதம் வந்தது. கீழே வட்டமாக ஊதா முத்திரை.

அமிர்தவள்ளி தன் காகிதத்தைக் கூட்டிப் படித்தாள். "நிராகரிக்கப்பட்டது." அவ்வளவுதான். காரணம் இல்லை. அவள் தன் குடிசையில் உட்கார்ந்து அழுதாள். வெளியே வந்தபோது எதிர்வீட்டு முனியம்மா, தன் காகிதத்துக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அக்கா இது?"

"லைசென்ஸுடி. சீல் குத்திக் குடுத்திருக்காங்க பாரு. எங்க அப்பன், பாட்டன் யாருக்காவது சர்க்கார் சீல் வந்துச்சா? எனக்கு வந்துச்சு."

மற்ற வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது. ஒருத்தி மூங்கில் குழலில் அடைத்து வைத்திருந்தாள். இன்னொருத்தி சீமந்தப் புடவை மடிப்பில் வைத்திருந்தாள். அமிர்தவள்ளிக்கு வந்தது மறுப்பு என்று தெரிந்துவிட்டதும் அவர்களே கொண்டுவந்து நீட்டினார்கள், "எனக்கு இன்னா போட்டிருக்குது, படி" என்று. மூன்று காகிதம் படித்தாள். மூன்றிலும் அதே ஒரு சொல்தான். மிச்சத்தை மடியில் வாங்கிக்கொண்டு சும்மா தலையை அசைத்தாள்.

யூனியன் ஆபீஸ் சுவரில் லைசென்ஸ் பெற்றவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. விண்ணப்பித்தவர்கள் அறுபத்தெட்டுப் பேர் என்று மேலே எழுதியிருந்தது. ஊர்த்தெருக்களிலிருந்து நாற்பத்தொரு பேர். அதில் நாற்பது பேருக்குக் கிடைத்திருந்தது. சேரியில் ஒருத்திக்கும் இல்லை.

அன்று அவள் முனிரத்தினத்தின் பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"எங்க முதலாளியோட பெரியப்பா காலத்துல இங்க ஒரு சட்டம் போட்டாங்களாம். மரக்கட்டடத்துல சலவைக்கடை வைக்க அனுமதி வேணும்னு. சீனருங்க இருநூறு பேர் கேட்டாங்க, ஒருத்தருக்கும் தரலை. மத்தவங்க எண்பது பேர் கேட்டாங்க, ஒரு ஆளைத் தவிர எல்லாருக்கும் தந்தாங்க. ஒரு சீனர் ஜெயிலுக்குப் போயி பெரிய கோர்ட்டு வரைக்கும் வழக்காடினார். சட்டம் பாக்க நல்லா இருந்தாலும் நடத்துற கை ஓரவஞ்சனை பண்ணா செல்லாதுன்னு ஜட்ஜுங்க சொல்லிட்டாங்க. இந்த நாட்டுச் சட்டத்துல, முறைப்படி விசாரிக்காம யாரோட உசிரையும் உடைமையையும் பறிக்கக் கூடாது, எந்த மனுஷனுக்கும் சட்டத்தோட காவல் சமம்னு இருக்குதாம். குடிமகனுக்குன்னு இல்லை, மனுஷனுக்குன்னு. நம்ம ஆளுங்களைக் குடிமகனா ஏத்துக்க மாட்டோம்னு போன வருஷம் அதே கோர்ட்டு சொல்லிடுச்சு. அப்படின்னாலும் மனுஷன்ங்கறதை யாரும் எடுத்துட முடியாது வள்ளி."

ரோமம் வாங்க வந்த நசீர் அகமதுவிடம் அவள் கேட்டாள். "பாய், அமெரிக்காச் சட்டம் இங்க செல்லுமா?"

"நம்ம தோலு கப்பல்ல அங்க போவுது. சட்டம் திரும்பி வர்ற கப்பலை நான் பாக்கலை," என்று அவர் சிரித்தார். பிறகு தராசைக் கீழே வைத்தார். "லைசென்ஸ் இல்லாத ரோமத்தை நானும் வாங்க முடியாதும்மா. பேஜாரு. நீ இன்னா பண்ணப்போற?"

"காயவைக்கப் போறேன்."

காயவைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். மூன்றாம் நாள் தலையாரி ஆதிகேசவன் வந்து பெயர்களை எழுதிக்கொண்டு போனான். அகர வரிசையில் அவள் பெயர் முதலில் வந்ததால் அவள் வழக்கே முதல் வழக்கு. கட்ட முடியாத அபராதம், இல்லையென்றால் வேலூர் ஜெயில் என்றார்கள். அவள் வழக்கு எப்படிப் போகிறதோ அப்படித்தான் மற்ற இருபத்தாறும் போகும்.

தாலுகாவிலிருந்து சப்-மாஜிஸ்திரேட் முகாம் வந்து, மேலத்தெருச் சாவடியில் வழக்குக் கேட்பார். சேரி ஜனம் சாவடிக்குள் வரக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நாற்பது அடி தள்ளி ஒரு புங்கமரம் நின்றது. அதன் கீழ்தான் அவர்கள் நிற்க வேண்டும். நடுவில் தலையாரி நின்று அங்கே கேட்டதை இங்கே சொல்லுவான், இங்கே சொன்னதை அங்கே சொல்லுவான்.

அவளுக்கு முன்னால் ஒரு கிழவருடைய வழக்கு. கன்று அவிழ்ந்தது, தேடிப் போனது, முள்வேலி ஏற்கெனவே சாய்ந்திருந்தது என்று அவர் வெகுநேரம் சொன்னார். ஆதிகேசவன் சாவடிப் பக்கம் திரும்பினான்.

"கன்னு மேஞ்சுதாம் சாமி."

உள்ளே பேனா ஓடியது. கிழவர் கும்பிட்டுவிட்டுப் போனார். தன் கதை நாற்பது அடியில் எவ்வளவு சுருங்கியது என்று அவருக்குத் தெரியாது. அமிர்தவள்ளிக்குத் தெரிந்தது. ஆதிகேசவன் அவள் பக்கம் திரும்பினான்.

"இன்னாமே, லைசென்ஸ் இல்லாம ரோமம் காயவச்சியான்னு கேக்கறாரு."

அவள் பேசவில்லை. புங்க இலைகளின் நிழல் தரையில் நீர்போல் ஆடியது. தண்ணீருக்குள் நிற்பதுபோலவும், மேலேயிருந்து யாரோ கூப்பிடுவதுபோலவும் இருந்தது.

"வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?"

"நான் சொல்றது ஜாஸ்தி இருக்குதுங்க தலையாரி. வழியில சிந்திடும். அவரு காதுல நானே சொல்றேன். அவரு வரட்டும், இல்லாட்டி நான் வர்றேன்."

"நல்லா இருக்குதே. அப்ப எனக்கு இன்னா வேலை?"

"நீங்க கொஞ்சம் நிழல்ல உக்காருங்க."

அவன் அதைச் சொல்லவில்லை. "ஒண்ணும் பேச மாட்டேங்கறா சாமி" என்றான். உள்ளே நடந்ததைப் பிற்பாடு அவனே ஊரெல்லாம் சொன்னான். குமாஸ்தா, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிவிடலாமா என்று கேட்டாராம். "பேசாத வாயை ஒப்புக்கொண்டதாக எப்படி எழுதறது? குற்றம் சாட்டப்பட்டவளைக் கேட்காமல் தண்டிச்சா மேல்கோர்ட்டில் என்னைக் கேப்பாங்க" என்றாராம் மாஜிஸ்திரேட். மறுபடி கேட்டார்கள். மறுபடி மௌனம். மூன்றாம் தடவையும் அதுவே.

அப்புறம் ஒரு கறுப்புக் குடை சாவடிப் படியில் விரிந்தது. கனவில் வருகிற ஆட்களைப்போல அது சத்தமில்லாமல் முற்றத்தைக் கடந்து வந்தது. திண்டில் சாய்ந்திருந்த மேலத்தெருக்காரர்கள்கூட எழுந்துவிட்டார்கள். குடைக்குக் கீழே மூக்குக்கண்ணாடி போட்ட, களைத்த ஒரு முகம்.

"சொல்லும்மா. காயவச்சியா?"

"வச்சேங்க." தன் குரல் வேறொருத்தியுடையதுபோல் அவளுக்குக் கேட்டது. மடியிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, பறக்காமல் கூழாங்கல் வைத்தாள். நான்கு வரிசை ஆயிற்று. மாஜிஸ்திரேட் குடையைச் சாய்த்துக் குந்தினார்.

"நிறையக் காகிதத்தில் மஞ்சள் இருக்கே, ஏன்?"

"லைசென்ஸுன்னு நெனச்சு சாமி படத்தண்ட வச்சிருந்தாங்க. சீல் இருக்குதில்லீங்களா?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து முத்திரையைப் பார்த்துவிட்டு, திரும்பக் கல்லுக்குக் கீழே வைத்தார்.

"எங்க பக்கம் இருபத்தேழு பேரு, ஒருத்திக்கும் இல்லை. அந்தப் பக்கம் நாப்பத்தொண்ணு, நாப்பதுக்குக் கெடைச்சுது. ரெண்டு ரோமமும் ஒரே தொட்டியிலதான் ஊறுதுங்க. நாத்தமும் ஒண்ணுதான். ஏன் இல்லைன்னு எழுதியிருந்தா நாங்க சரின்னு போயிருப்போம்."

"இப்படியெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

"அமெரிக்காவுல எங்க வீட்டுக்காரரு இஸ்திரி போடறாரு. அவரு எழுதினாரு."

"அந்த நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது."

"தெரியுங்க. அங்க சீனருங்களைக் கேட்டாங்களாம். என்னையும் கேளுங்கன்னுதான் வந்தேன்."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு குமாஸ்தாவைக் கூப்பிட்டார். குமாஸ்தா முற்றத்தின் நடுவிலேயே தயங்கி நின்றார். மாஜிஸ்திரேட் இன்னொரு தரம் கூப்பிட்டதும் மைக்கூட்டோடு மரத்தடிக்கு வந்தார். மேஜையும் வந்தது. அவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா உத்தரவு எழுதினார். இருபத்தேழு விண்ணப்பங்களுக்கும் ஏன் மறுப்பு என்று தனித்தனியாகக் காரணம் எழுதி, பதினைந்து நாளில் யூனியன் ஆபீஸ் கோர்ட்டில் சேர்க்க வேண்டும். அதுவரை இந்த வழக்கு நிற்கும், மற்றப் பெண்கள் மேலும் வழக்கு எடுக்கக் கூடாது.

பழக்க தோஷத்தில் ஆதிகேசவன் அவள் பக்கம் திரும்பி, கைகளை வாயருகே குவித்து உரக்க ஆரம்பித்தான். "அமிர்தவள்ளி, பதினஞ்சு நாளு..."

"கேட்டுச்சுங்க தலையாரி. இங்கதானே நிக்கிறேன்."

மரத்தின் பின்னாலிருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். அவள் கூழாங்கற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டாள். காகிதங்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டன. பதினைந்து நாள் கழித்து என்ன காரணம் எழுதி வருமோ தெரியாது. வெயில் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். ரோமத்தில் ஒரு பக்கம்தான் காய்ந்திருந்தது. புரட்டிப்போட அவள் ஆற்றில் இறங்கினாள்.