அமலி தரையில் கால் வைக்காத தவக்காலம்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை காலையில், சவேரியார்பாளையத்துச் சவுரியப்பன் மகள் அமலி பாயை விட்டு எழுந்தபோது அவள் கால்கள் தரையைத் தொடவில்லை. ஒரு விரற்கடை உயரத்தில் நின்றாள். அப்போது அரூர் சந்தையில் புளி வரத்து கூடி விலை படுத்துக் கிடந்தது. ஊருக்கு அந்தக் கவலையே பெரிதாக இருந்தது. ஆகவே அக்கம்பக்கத்துப் பெண்டுகள் வந்து பார்த்து, மோவாயில் கை வைத்து, செருப்பு தேயாது, நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் புளி அடிக்கப் போனார்கள். அவளைப் பெற்ற பானுமதி மட்டும் நம்பாமல் குனிந்து, காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தென்னங்குச்சியை விட்டுப் பார்த்தாள். குச்சி எதிலும் தட்டாமல் போய் வந்தது. பிறகு பிள்ளைக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நேரே அன்பரசி வீட்டுக்கு வந்து நின்றாள்.

அன்பரசியிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் வார நாட்களில் அரூர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் பூசை முடிந்ததும் கோவில் வேப்பமரத்தடியில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தாள். அமலிக்கு ஞானஸ்நானத்தில் உடன் நின்ற ஞானத்தாயும் அவள்தான். முந்தின நாள் பாடம் உடன்படிக்கை. நோவாவுக்கு ஆண்டவர் வானவில்லைக் காட்டி வாக்குக் கொடுத்தது, பிள்ளையில்லாத கிழவன் ஆபிரகாமை வெளியே கூட்டி வந்து நட்சத்திரத்தை எண்ணச் சொன்னது, எல்லாவற்றையும் கை கால் ஆட்டிச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே மெய் சிலிர்க்கும், அப்படிப்பட்ட சுபாவம். கடைசியில் தவக்காலத்துக்கு ஆளுக்கொரு வாக்கு ஆண்டவரிடம் கொடுக்கச் சொன்னாள். ஒருவன் செல்போனில் கேம் ஆட மாட்டேன் என்றான். ஒருத்தி சிப்ஸ் தின்ன மாட்டேன் என்றாள். தம்பியை அடிக்க மாட்டேன் என்று சொன்னவன் தெருமுனை தாண்டுவதற்குள் அடித்துவிட்டான். அமலி எழுந்து, எங்கப்பா வூட்டுக்கு வர்ற வரைக்கும் நான் தரையில கால் வெக்க மாட்டேன் என்றாள். பிள்ளைகள் சிரித்தன. அன்பரசியும் சிரித்து, அவள் கன்னத்தைக் கிள்ளி, சரி உட்காரு என்றாள். ஆண்டவர் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

சவுரியப்பன் ஊரை விட்டுப் போனது அதற்கு இரண்டு வருசம் முந்தின டிசம்பரில், சவேரியார் திருவிழா அன்று. தேரின் முன்பக்கத்து வலது தண்டைத் தூக்குவது அந்தக் குடும்பத்து உரிமை. ஒரு வருசம் பெரியவன் தூக்கினால் மறு வருசம் சின்னவன் தூக்க வேண்டும். அந்த வருசம் சின்னவனான சவுரியப்பன் புது வேட்டி கட்டி, விரதமிருந்து, தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், அண்ணன்காரன் தண்டுக்குள் தோளைக் கொடுத்து முன்னமே நிற்கிறான். நான்கு பேர் முன்னால் தள்ளுமுள்ளு ஆகி, சவுரியப்பன் தோள்துண்டு சேற்றில் விழுந்தது. அவமானம் பொறுக்காமல் கோவில் முன்னால் இருக்கிற கல் சிலுவையில் கையை வைத்து, இனிமே இந்த ஊருக்குள்ள வந்தா நான் சவுரியப்பன் இல்ல, ஆண்டவர் மேல ஆணை என்று கத்திவிட்டு, பெங்களூர் பஸ் ஏறிவிட்டான். அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டினான். வீட்டுச் செலவுக்கு அனுப்பத் தவறியதில்லை. ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் போய், மறு கிறிஸ்துமஸும் போய், ஆள் மட்டும் வரவில்லை.

மகள் மிதக்கிறாள் என்று பானுமதி போன் செய்தபோது, என்னை வரவைக்க இது ஒரு கதையா என்று வைத்துவிட்டான். வீடியோ எடுத்து அனுப்பினார்கள். இப்பல்லாம் போன்லயே மனுசன பறக்க வெக்கறாங்க, எனக்குத் தெரியாதா என்றான். சாயங்கால பஸ் அவனில்லாமல் வந்துபோகும் ஒவ்வொரு நாளும் அமலி கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனாள். தவக்காலத்தின் நடுவில் இடுப்பு உயரம் வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கு மேலே உட்காரவைத்தார்கள். பலகை நன்றாகத் தெரிந்ததில் கணக்கில் மார்க் கூடியது. புளிய மரத்துக்காரர்கள் கை எட்டாத கிளைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். அன்பரசிக்குத்தான் பழகவில்லை. விளையாட்டாக ஒரு வார்த்தையைப் பிள்ளை வாயிலிருந்து வாங்கி ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டோமே, இனி அவராக விட்டால்தான் உண்டு என்று குமைந்தாள்.

பங்குச் சாமியாரிடம் ஓடினாள். தனி ஆள் கொடுத்த வாக்கைத் தக்க காரணமிருந்தால் பங்குச் சாமியார் தளர்த்தலாம் என்று திருச்சபைச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவர் தோளில் ஸ்டோல் என்கிற பூசைப் பட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, அமலியின் முழங்காலுக்கு நேரே நின்று, ஆண்டவர் பெயரால் உன்னை இந்த வாக்கிலிருந்து விடுவிக்கிறேன் என்று சிலுவை போட்டார். அவள் அப்படியே நின்றாள். சாமியார் அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க வுட்டுட்டீங்க பாதர். நான் வுடலீங்களே."

அதற்கு மேல் அவருக்கும் சட்டத்தில் இடம் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று விஷயம் முற்றிவிட்டது. பவனியில் பானுமதி தன் இடுப்புக்கும் மகள் இடுப்புக்கும் தாம்புக்கயிறு கட்டி நடந்தாள். அமலி கையிலிருந்த ஓலைதான் எல்லோருடையதையும் விட உயரத்தில் ஆடியது. ஓசன்னா பாடிக்கொண்டு போன ஊருக்கு அதில் பெருமைகூட இருந்தது. அந்நேரம் பார்த்துத் தீர்த்தமலைப் பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பி வந்தது. முடிச்சு அவிழ்ந்தது. பிள்ளை ஓலையோடு மேலே போனாள், ஓட்டுக்கூரை தாண்டி, வேப்பமரம் தாண்டி. கோபுரத்து உச்சிச் சிலுவையை எப்படியோ எட்டிப் பிடித்தாள். தென்னை ஏறுகிற பச்சியப்பன் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ. அவர் தளைக்கயிறோடு ஏறி, அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். பானுமதி நடுத்தெருவில் உட்கார்ந்து வாயிலடித்துக்கொண்டு அழுதாள். கோவில் வாசலில் நின்ற அன்பரசி அழவில்லை. வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பெங்களூர் பஸ் பிடித்தாள்.

சவுரியப்பனை ஒரு பத்தாவது மாடியில், பாதி ஒட்டிய சமையலறைத் தரையில் மண்டியிட்டிருக்கக் கண்டாள். கோபுரத்துச் சிலுவையைப் பிள்ளை பிடித்த கதையைக் கேட்டதும் அவன் கையிலிருந்த சாந்துக் கரணையைக் கீழே வைத்தான். அன்பரசி பொய் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

"சிலுவையில கை வெச்சு சொன்னவன் நான், தங்கச்சி. குடுத்த வார்த்தய மீறக் கூடாதுன்னு புள்ளைங்களுக்கு நீதான சொல்லித் தர்ற? இப்ப நீயே வந்து மீறச் சொல்றியே, நல்லாருக்குதா?"

வழியெல்லாம் அன்பரசியைக் குடைந்துகொண்டிருந்ததும் இதே கேள்விதான். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, அமலிக்கு ஞானஸ்நானம் குடுத்தன்னைக்கு நான் மெழுகுவத்தி புடிச்சிட்டு உங்க பக்கத்துலதான் நின்னங்க. இந்தப் புள்ளைய கூட இருந்து வளப்பீங்களான்னு சாமியார் கேட்டாரு. வளப்பங்கன்னு சொன்னீங்க. அது முந்தி குடுத்த வாக்கு. சிலுவையில கை வெச்சது ரோசத்துல சொன்னது, அதுவும் பிந்தி சொன்னது."

"அப்ப ஆண்டவர்கிட்ட பொய்யாணை வெச்சவன் ஆவனே நான்?"

"ஆவீங்க. அதுக்கு சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்பு வாங்க பாவசங்கீர்த்தனம் இருக்குதுங்க. புள்ள மேல போய்ட்டா அதுக்கு என்னாங்க இருக்குது?"

அவன் கரணையைத் திரும்ப எடுத்தான். ஒட்டிக்கொண்டிருந்த தரையை ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்றான், வேலையில் அப்படிப்பட்டவன். வருவானா மாட்டானா என்று தெரியாமலே அன்பரசி ஊர் திரும்பினாள். பானுமதியிடம், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு அமலியிடம் போய், வீட்டு உத்தரத்தில் முதுகு ஒட்ட மிதந்துகொண்டிருந்தவளை அண்ணாந்து பார்த்து, உங்கப்பாவைப் பார்த்தேன் கண்ணு என்றாள். வருவாங்களா என்று பிள்ளை கேட்கவேயில்லை. இளைச்சிட்டாங்களா அத்தே என்றுதான் கேட்டாள். அப்போதுதான் அன்பரசிக்கு அழுகை வெடித்தது.

அந்த வாரத்துப் பெரிய வியாழன் சாயங்காலம் பாதம் கழுவும் சடங்கு. ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவி முத்தமிட வேண்டும். அந்த வருசம் புதுநன்மைப் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்கள். பதினோரு பேருக்கு முடிந்தது. அமலி கடைசி. கயிற்றின் மறுமுனை பீடத்துக் கிராதியில் கட்டியிருக்க, அவள் எல்லோர் தலைக்கும் மேலே இருந்தாள். கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் நாற்காலி போட்டார். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நாற்காலியில் வைத்த நேரத்தில், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சவுரியப்பன். தலையெல்லாம் சிமெண்ட் தூசி. அவன் நடுவழியாக நடந்து வந்து சாமியார் காலடியில் மண்டியிட்டு, சிலுவையில் வைத்த ஆணையைத் தான் மீறிவிட்டதாக ஊர் கேட்கவே சொன்னான். அவர் குனிந்து அவன் காதில் ஏதோ சொல்லி, சிலுவை போட்டு, என்ன அபராதம் விதிப்பது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு தண்ணீர்க் குடுவையையும் தாம்பாளத்தையும் துண்டையும் அவன் கையில் கொடுத்தார்.

சவுரியப்பன் நாற்காலி மேல் ஏறினான். மகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கால்களைப் பார்த்தான். மண்ணே படாததால் பிறந்த குழந்தையின் கால் மாதிரி இருந்தன. தண்ணீர் ஊற்றி வலது காலைக் கழுவினான். கால் அவன் கையில் கொஞ்சம் கனத்தது. இடது காலைக் கழுவும்போது அவன் குனிய வேண்டியிருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கினான். அவள் கூடவே இறங்கினாள். அவன் மண்டியிட்டான். கடைசியில் தாம்பாளத்துத் தண்ணீருக்குள் இரண்டு கால்களும் வந்து நின்றபோது, தண்ணீர் தளும்பித் தரையில் ஓடியது. "அப்பா, கூசுது" என்றாள் அமலி. அவன் அந்தக் கால்களில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பாட்டுக்காரர்கள் எந்தப் பாட்டு என்பதையே மறந்துவிட்டார்கள். வெளியே வந்ததும் அண்ணன்காரன் கிட்டே வந்து, ஊருக்குள்ள வந்தா சவுரியப்பன் இல்லன்ன, அப்ப இப்ப வந்திருக்கறது யாருடா என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த டிசம்பரில் வலது தண்டு சின்னவன் தோளுக்குப் போனது.

உள்ளூரில் டைல்ஸ் வேலை அவ்வளவாக இல்லை. ஆகவே சவுரியப்பன் திங்கட்கிழமை பெங்களூர் போய் சனிக்கிழமை வருகிறான். சனிக்கிழமை வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான். அன்பரசி இப்போது பிள்ளைகளிடம் வாக்குக் கேட்பதற்கு முன்னால், இதற்கு முந்தி யாருக்கு என்ன சொல்லியிருக்கிறாய் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்கிறாள். அமலிக்குப் புதுநன்மை ஆகி வருசம் ஓடிவிட்டது. அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இருந்தாலும் திங்கட்கிழமை சாயங்காலம் கால் தரையை விட்டுக் கிளம்பி, நாளுக்கு நாள் முன்னைவிட வேகமாக உயர்கிறது. சனிக்கிழமை பஸ் வந்ததும் இறங்கிவிடுகிறாள். ஒரு தரம் கிருஷ்ணகிரிப் பக்கம் பஸ் பழுதாகி நின்று, நேரம் போய்க்கொண்டே இருக்க, பானுமதி வாசலுக்கும் தெருவுக்கும் அலைந்தாள். கதவு நிலைக்கு மேலே மிதந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அமலி, "வருவாங்க" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினாள். அவன் வந்தான். கயிறு கட்டுவதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் பானுமதி அவள் கையில் ஒரு ஈரத்துணியைக் கொடுத்து மின்விசிறியைத் துடைக்கச் சொல்கிறாள். அன்றைக்குத்தான் உயரம் அதற்குச் சரியாக இருக்கிறது.