அரைவார்த்தை

எங்கள் வீடு மணிக்கூண்டுக்குள் இருந்தது. பக்கத்தில் இல்லை, உள்ளேயே. கீழே சமையல், அதற்கு மேலே படுக்கை, அதற்கும் மேலே கடிகாரத்தின் பல்சக்கரங்கள், உச்சியில் மணி. வீட்டின் நடுவே ஒரு மரக்கூட்டுக்குள் கடிகாரத்தின் எடைக்கல் மெல்ல மெல்ல இறங்கும். "கல்லு என் தோளுக்கு வந்துடுச்சுப்பா" என்று தம்பி கத்தினால், அப்பா சாவி கொடுக்க மேலே ஏறுவார். ஊரார் அவரை மணியக்காரர் என்றார்கள். மற்ற ஊர்களில் மணியக்காரர் என்றால் வரி வசூலிக்கிற அதிகாரி. எங்கள் அப்பா வசூலித்ததெல்லாம் புறா எச்சம்தான்.

மணி அடிக்கும்போது பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதற்குச் சற்று முன் சுத்தியலின் கம்பி கிறீச்சென்று இழுபடும். 'மூச்சு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். மூச்சு கேட்டதும், பாதி வார்த்தையில் இருந்தாலும் வாயை மூடிவிடுவோம். கடைசி அடி ஓய்ந்ததும் மீதி வார்த்தை வரும். திட்டுக்கும் அதே சட்டம்தான். அம்மா "கழு" என்று நிறுத்தினால், "தை" வருவதற்குள் தம்பி ஓடித் தப்பித்துவிடுவான்.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். அங்கே மணி மெலிதாகத்தான் கேட்கும், மூச்சு கேட்கவே கேட்காது. ஆனால் பழகிய உடம்பு சும்மா இருக்குமா? மணி அடிக்கும் நேரம் வந்தால், பாடம் ஒப்பிக்கும்போது பாதியில் நின்றுவிடுவேன். பிள்ளைகள் எனக்கு 'அரைவார்த்தை' என்று பட்டம் கட்டினார்கள். கட்டட்டும். கைக்கடிகாரம் கட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. பட்டம் கட்டிய பிள்ளைகள் எல்லோரும் சோறு தின்றதே எங்கள் வீட்டு மணியைக் கேட்டுத்தான்.

அந்த ஆண்டுதான் ஊருக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் வந்தது. அதுவரை ஆற்றிலிருந்து குடம் சுமந்தோம். திறப்பு விழா எங்கள் கூண்டுக்கு முன்னால் என்றும், வரவேற்புரையைப் பள்ளிப் பிள்ளை ஒன்று படிக்க வேண்டும் என்றும் முடிவானது. வகுப்பிலேயே பெரிய குரல் என்னுடையது. ஆனாலும் டீச்சர் தயங்கினார்.

"நடுவுல நின்னுட்டேன்னா மானம் போயிடும். டாக்டர் பொண்ணையே படிக்கச் சொல்லட்டுமா?"

"நிக்க மாட்டேன், டீச்சர்."

"நின்னா அங்கேயே காகிதத்தை வாங்கி அவகிட்ட குடுத்துடுவேன்."

சரி என்று தலையாட்டினேன். நான் அந்த உரையைப் படித்தே ஆக வேண்டும். குடம் சுமந்து என் இடுப்பு காய்த்துப் போயிருந்தது, டாக்டர் மகளுடையது அல்ல.

விழா பன்னிரண்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நகரசபைத் தலைவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். என் முறை வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. மேடையைக் கூண்டுச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் அம்மாவும் தம்பியும் நின்றார்கள். பயமில்லாமல் படித்தேன்.

"எங்கள் வாசல் தேடி வந்த தண்"

முதுகுக்குப் பின்னால் கிறீச்சென்றது. மூச்சு.

டீச்சருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுத்தது. நிற்காமல் படித்தால் மீதியெல்லாம் மணிச் சத்தத்தில் போய்விடும். நான் காத்திருந்து படிக்க வந்த உரையில் ஒரு எழுத்தைக்கூட அதற்குத் தின்னக் கொடுக்க மனமில்லை. நின்றேன்.

பிள்ளைகள் பக்கம் "அரைவார்த்தை, அரைவார்த்தை" என்று கிசுகிசுப்பு. டீச்சர் முகம் சிவந்து மேடை ஏறி வந்து கையை நீட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

மணி அடித்தது.

அவர் உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் காகிதத்தை இறுக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றேன். பன்னிரண்டும் அடித்து ரீங்காரமும் அடங்கியது.

"ணீரே, வருக" என்றேன்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், சிரிப்பு கைதட்டலானது. டீச்சர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார். கடைசி வரி வரை நானே படித்தேன். குழாயைத் திறந்ததும் தெறித்த தண்ணீரில் முதலில் நனைந்தவளும் நான்தான்.

அப்பா இறங்கி வந்து, "மேலே இருந்து பாத்தேன். என் பொண்ணுடி நீ" என்றார். எனக்கு அதற்கு மேல் எந்தப் பரிசும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் டீச்சர் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நண்பகல் நெருங்கியதும் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இப்பவா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு, டீச்சர். நீங்க சொல்லுங்க."