கூவிச் சொல்லாத ரேஸ்

புவனேஸ்வரிக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்ஜின் ஆயில் கம்பெனி ஒன்றில் வேலை. சேஃப்டி பிரிவு. மஞ்சள் ஹெல்மெட்டோடு ஷெட் ஷெட்டாகப் போய், கையுறை போடாதவனை நிறுத்தி வைத்துப் பாடம் எடுக்க வேண்டும். அந்த வேலையைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தன் குப்பத்துக்கும் அதைக் கூடவே கொண்டுவந்துவிடுவாள். மாமியார் செல்லியம்மாள் அடுப்புக்கு முன்னால் முந்தானையைச் செருகாமல் நின்றால்கூட அவளுக்கு வாய் சும்மா இருக்காது. செல்லியம்மாளுக்கும் வாயைச் சும்மா வைத்துப் பழக்கமில்லை. அந்த வீட்டில் டிவி பழுதாகிக் கிடப்பதே பல நாள் யாருக்கும் தெரியவில்லை.

குப்பத்தில் வருஷா வருஷம் அம்மன் திருவிழாவுக்கு மறுநாள் மோட்டார் போட் ரேஸ் நடக்கும். மீன் பிடிக்கிற அதே ஃபைபர் போட், அதே மோட்டார். வலையை இறக்கிவிட்டால் ரேஸ் போட், ஏற்றிவிட்டால் தொழில் போட். ஜெயித்தவனுக்கு ஓர் ஆட்டுக்கிடா. விதிமுறை என்று பார்த்தால், ரேஸ் முடிந்த பிறகு அடித்துக்கொள்ளலாம், முடியும்வரை கூடாது, அவ்வளவுதான்.

போன வருஷம் தேசப்பன் ஜெயித்த குஷியில் மோட்டாரை அணைக்க மறந்து, கரையேறி, இட்லிக் கடைக்குள் போட்டோடு புகுந்தான். ஊர் அதைத்தான் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. புவனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ரேஸில் அவள் கணவன் பாஸ்கர் திருப்பத்தில் தண்ணீரில் விழுந்தான். பின்னால் வந்த போட்டின் மோட்டார் விசிறி அவன் கெண்டைக்கால் சதையைச் சீவிக்கொண்டு போனது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் நினைக்காத நாளில்லை.

"இந்த ரேஸ உட்டுடேன்யா" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"மூச்ச வேணா உட்டுட்றேன்மே" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. அவன் சிரித்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் இனி ரேஸே வேண்டாம் என்றார்கள். பாஸ்கரின் முகம் செத்துப் போனது. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் புவனா எழுந்துவிட்டாள்.

"எங்க கம்பெனிய ஸ்பான்சரா கொண்டாறேன். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்டு, வுழுந்தா தூக்கறதுக்குத் தனி போட்டு, டாக்டரு, எல்லாம் அவுங்க செலவு. ரேஸ நான் ப்ரொஃபஷனலா நடத்திக் காட்றேன்."

இந்த ஒரு தடவை பார்க்கிறோம், கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால் ரேஸைத் தலைமுழுகிவிட வேண்டும் என்று முடிவானது. கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த செல்லியம்மாள், "இன்னாது, பொரபசனலா?" என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

கம்பெனியின் பிளான்ட் மேனேஜர் மோசஸ் அதிகம் பேசாதவர். புவனா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வந்து பார்க்கிறேன். ஒழுங்கா நடந்தா எடுத்துக்கலாம். கூச்சலும் குழப்பமுமா இருந்தா சொல்லாம கிளம்பிடுவேன்" என்றார். ஸ்டோரிலிருந்து ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் ஒரு நாள் இரவலாகக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு குப்பத்தில் ஆண்பிள்ளைகள் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. கடலையும் ஏரியையும் கரைத்துக் குடித்தவர்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிறுத்தி, வலது கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வைத்தாள் புவனா. ரூல் புக் ஒன்றை அடித்து ஆளுக்கொன்று கொடுத்தாள். அதை வைத்துத் தேசப்பன் கருவாடு மடித்ததைப் பார்த்துவிட்டு இன்னொரு பிரதி கொடுத்து, முன்னால் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னாள்.

வழக்கமாகக் காலை நாஷ்டாவுக்கு முன்னாலேயே ரேஸ் முடிந்துவிடும். மோசஸ் சென்னையிலிருந்து வர வேண்டுமே! பத்து மணிக்கு மாற்றினாள். வழக்கமாக ரேஸுக்கு முந்தின நாள் ஊர்ச் சேதி கூவும் முனுசாமி தெருத்தெருவாகப் போய், வீட்டு வாசலில் நின்று, பெயர் சொல்லிக் கூவி அழைப்பார். அந்தக் காலத்துப் பழக்கம், கம்பெனிக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்? வாட்ஸ்அப் குரூப் தொடங்கி நேரத்தையும் வரைபடத்தையும் அதில் போட்டாள். எல்லாரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தாள்.

ரேஸ் அன்று காலை போட் போட்டாக ஏறிச் சோதனை போட்டாள். தண்ணீர்க் குடம், துடுப்பு, பழைய கயிறு எல்லாம் கரைக்கு வந்தன. கடைசியாக, போட்டைத் தள்ளும் நீளக் கழிகளையும் உருவினாள்.

பாஸ்கர் பதறினான். "கழி இல்லாம எப்டிமே? சேத்துல மாட்டிக்கினா?"

"ஆள் மேல குத்துனா யார் பதில் சொல்றது? ரூல் புக்ல ஆறாவது பக்கம் பாரு."

கழிகள் எல்லாம் மேடைக்குப் பின்னால் அடுக்கப்பட்டன. அடுக்கியதும் அழகாகத்தான் இருந்தது.

மோசஸ் வந்தார். பூங்கொத்து வாங்கினார், இளநீர் குடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகப் பத்து மணிக்குக் கொடி கீழே இறங்கியது. அவர் புருவம் உயர்ந்ததைப் பார்த்து புவனாவுக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. போட்டுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட், ஒவ்வொரு போட்டின் இடுப்பிலும் கம்பெனி ஸ்டிக்கர். மைக்கில் சின்னதுரை தொண்டை கிழியக் கத்தினான். "பாஸ்கர் முன்னால! பாஸ்கர் முன்னால!"

புவனா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். திருப்பம் வரும்போது அவளால் பார்க்க முடியாது.

திடீரென்று சத்தம் நின்றது. ஒரு மோட்டார் இல்லை, எல்லா மோட்டாரும். கண்ணைத் திறந்தாள்.

ஏரி நடுவில், தண்ணீர் வற்றிய திட்டருகே, வரிசையாகத் தலைகள். இறால் தடவுகிற பெண்கள். சேற்றில் மண்டியிட்டு, பனையோலைப் பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தரையைத் தடவியபடி நகர்கிறவர்கள். வெளியே கழுத்துக்கு மேல்தான் தெரியும். அந்த வரிசை கண்ணில் பட்டுவிட்டால் எந்தக் கொம்பனாக இருந்தாலும் மோட்டாரை அணைத்து, விசிறியைத் தூக்கிவிட்டு, கழி ஊன்றித்தான் கடக்க வேண்டும். இந்த விதி எந்த ரூல் புக்கிலும் இல்லை. ஆனால் அதை மீறியவன் என்று ஊரில் ஒருவனும் இல்லை.

நாஷ்டாவுக்கு முன்னால் நடக்கிற ரேஸ் என்றால் அவர்கள் இறங்கும் முன்பே முடிந்திருக்கும். பத்து மணி அவர்களுடைய நேரம். புவனாதான் ரேஸைக் கொண்டுபோய் அவர்கள் தலைமேல் வைத்திருந்தாள். கடக்கத் தேவையான கழிகளோ அவள் முதுகுக்குப் பின்னால் அடுக்காக இருந்தன.

முதலில் பாஸ்கர் குதித்தான். இடுப்பளவுத் தண்ணீர். போட்டின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். அவனைப் பார்த்துத் தேசப்பன் குதித்தான், அப்புறம் எல்லாரும். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாக, நடுரோட்டில் நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிற பயணிகள் போல, மோட்டார் போட் ரேஸ் கால்நடையாகப் போனது. சின்னதுரைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "பாஸ்கர்... நடந்து... முன்னால" என்றான்.

வரிசையின் நடுத்தலை பல்லிலிருந்து கயிற்றை விட்டது. அது செல்லியம்மாள். மோட்டார் சத்தம் இல்லாத ஏரியில் அவள் குரல் கரைவரை கேட்டது.

"டேய் பாஸ்கரு! சேத்தக் கலக்காதடா, கெய்தே! காலத் தூக்கி வெச்சி நட!"

பாஸ்கர் காலைத் தூக்கி வைத்து நடந்தான்.

"கரைக்குத்தான போற? இத்தயும் எட்த்துக்கினு போ!"

பறியை அவன் போட்டில் ஏற்றினாள். அவ்வளவுதான், மற்ற பெண்களும் எழுந்து வந்துவிட்டார்கள். தாயின் பறியை ஏற்றியவன் சித்தியின் பறியை எப்படி மறுப்பான்? அவன் ஒவ்வொரு பறியாக வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் தேசப்பன் போட்டைத் தள்ளிக்கொண்டு முந்திப் போனான். கரையில் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாஸ்கர் பறியும் கையுமாக நின்று கெஞ்சுவதைப் பார்த்து புவனாவுக்கும் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. எல்லாம் கெட்டுப் போயிற்று என்று தெரிந்தும் வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் ரேஸைக் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கிற புருஷனுக்கு என்ன ஆகிவிடும்?

மோசஸ் எழுந்து நின்றிருந்தார். "என்னம்மா அது?"

"ஸ்லோ ஸோன், சார்" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. "சேஃப்டிக்காக வெச்சிருக்கோம்."

"அந்தத் தலைங்க?"

"ரேஸ் மார்ஷல், சார்."

அவர் ரூல் புக்கை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். திட்டைத் தாண்டியதும் மோட்டார்கள் மறுபடி உறுமின. தேசப்பன் ஜெயித்தான். இந்த முறை இட்லிக் கடைக்கு வெகு முன்பாகவே அணைத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஆட்டுக்கிடாவைக் கொடுத்து முடித்ததும் மோசஸ் புவனாவைத் தனியாக அழைத்தார். அவர் கையில் ரூல் புக் இருந்தது.

"முழுக்கப் படிச்சேன். ஸ்லோ ஸோன்னு ஒரு வரி கூட இல்லையே, புவனா?"

அவளுக்கு முகம் சுண்டிப் போனது. கம்பெனியில் எத்தனை பேரை இப்படி நிற்க வைத்திருப்பாள்! பாஸ்கர் தூரத்தில் இறாலைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தான். இனி பொய் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

"நான் வெச்ச ரூல் இல்ல, சார். அது எங்க ஊரு வழக்கம். அவங்க இறால் தடவற நேரத்துல நான்தான் ரேஸ வெச்சிட்டேன். கழிய புடுங்கி வெச்சதும் நான்தான். நடுவுல இருந்தது என் மாமியாரு."

மோசஸ் ரூல் புக்கை மடித்துப் பையில் வைத்தார். "நம்ம ஷெட்டுக்குள்ள 'மெதுவாகச் செல்லவும்'னு எத்தனை போர்டு வெச்சிருக்கோம்? ஒரு லாரிக்காரன் மதிக்கிறானா? இங்க ஜெயிக்கிற நேரத்துல ஒருத்தன் விடாம அணைச்சான். இதைவிட ப்ரொஃபஷனலா நான் எதைப் பார்க்கணும்? எடுத்துக்கறோம். ஆனா அடுத்த வருஷமும் அந்த இடம் இருக்கணும். எல்லார் கண்ணும் அங்கதான் இருந்துச்சு, கம்பெனி பேரும் அங்கதான் தெரியணும். அந்த அம்மாங்களுக்கு ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்துடலாம்."

மோட்டாரை அணைத்துவிட்டு நடக்கிற இடத்தில் இன்ஜின் ஆயில் விளம்பரம். இதைச் சொன்னதும் மோசஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செல்லியம்மாள் ஈரப் புடவையோடு பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. "சட்ட இன்னாத்துக்கு, சாரு? அது தண்ணிக்குள்ளதான கெடக்கும்? மீனு வந்தா உன் கம்பெனி பேரப் படிக்கப் போவுது? தலைக்குக் கட்றாப்பல துண்டு குடு. நல்லா செவப்பா."

மோசஸ் போனை எடுத்து, 'சிவப்புத் துண்டு' என்று குறித்துக்கொண்டார்.

அவர் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகு புவனா மாமியார் பக்கம் திரும்பினாள். "ஏன் அத்தே, ரேஸு பத்து மணிக்குன்னு தெரிஞ்சேதான எறங்குன?"

"எனக்கு யாரு சொன்னாங்க?"

"ஒரே ஊட்லதான இருக்கோம்! தினம் இதானே பேச்சு!"

"ஊட்ல நீ மருமவ. ரேஸுக்கு நீ கமிட்டி. கமிட்டி வந்து எங்களாண்ட சொல்லுச்சா? முனுசாமி வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூவுனான்னா, ரேஸு முடியறவரிக்கும் ஏரியில எறங்க மாட்டோம். கூவல. எறங்குனோம்."

புவனா இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மாமியாரிடம் பணிந்து கேட்டாள்.

"அடுத்த வருஷம் ரேஸ எத்தினி மணிக்கு வெக்கலாம், அத்தே? நீயே சொல்லு."

செல்லியம்மாள் புடவையைப் பிழிந்துகொண்டே வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"வாட்சப்புல போடு. பாத்துட்டுச் சொல்றேன்."